தலைமுடி நடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ தலைமுடி நடும் சிகிச்சையைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் எழும் கேள்வி "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். அடுத்து "வலிக்குமா?", அதற்கடுத்து "நட்ட முடி நிற்குமா?". எல்லாமே நியாயமான கேள்விகள். கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ நின்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கல்யாணப் பேச்சுக்கு முன்னால் தலைக்குச் செலவிட நினைக்கும் இளைஞன் இவற்றைக் கேட்கத்தான் செய்வான். ஆனால் "எனக்கு ஏன் முடி கொட்டுகிறது?" என்று கேட்பவர் குறைவு. அதற்கான பதில் வீட்டிலேயே தயாராக இருக்கிறது: கொழும்புத் தண்ணி, மலைக் குளிர், கம்பளித் தொப்பி, புது ஷாம்பு, இல்லாவிட்டால் தாய்மாமனின் வழுக்கை.

அந்தப் பதில் பிழைத்தால் பின்னால் வரும் எல்லாமே பிழைக்கும். முடி கொட்டக் காரணங்கள் பல. அவற்றில் சிலவற்றுக்குத்தான் முடி நடுவது தீர்வு. சில தாமாகவே சரியாகிவிடும். சில மருந்துக்குக் கட்டுப்படும். இன்னும் சிலவற்றில் நட்டால் நட்ட முடியும் சேர்ந்தே போய்விடும். இந்த வேறுபாடு தெரியாமல் பெருந்தொகை செலவிடுகிறவர்களை நினைத்துத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வீட்டுப் பதில்களை முதலில் பார்த்துவிடலாம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி விடியற்காலையில் தலையை மூடாமல் வெளியே இறங்க முடியாது. அந்தத் தொப்பியால் வழுக்கை விழுவதில்லை. முடியின் வேர் தோலுக்கு அடியில் சில மில்லிமீற்றர் ஆழத்தில் இருக்கிறது. அதற்கு வேண்டிய ஒட்சிசனையும் உணவையும் இரத்தமே கொண்டுவருகிறது. தண்ணீர் மாறினால் முடி முரடாகலாம், நுனி உடையலாம், வேர் சாகாது. மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. கதிர்காமத்துக்கு நேர்ந்து மொட்டை போடுவது நேர்த்திக்கடன், அது வேறு. வெட்டுப்பட்ட நுனி தட்டையாக இருப்பதால் முளைக்கும்போது தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். தாய்மாமன் கதையில் கொஞ்சம் உண்மை உண்டு. வழுக்கையோடு தொடர்புள்ள முக்கியமான மரபணு ஒன்று தாய்வழியாக வருகிறது. ஆனால் அது ஒன்று மட்டும் தீர்மானிப்பதில்லை. தகப்பன் வழியிலும் பல மரபணுக்கள் வந்து சேர்கின்றன.

காய்ச்சல் போன பின் வரும் உதிர்வு

தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடிகள். ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருடம் வளரும், இரண்டு மூன்று வாரம் சுருங்கும், மூன்று மாதமளவில் ஓய்ந்திருந்து விழும். பிறகு அதே குழியிலிருந்து புதியது முளைக்கும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பானது. நீளக் கூந்தலில் அது சீப்பில் சுருண்டு நிற்கும்போது பார்ப்பவருக்குப் பயமாக இருக்கும்.

கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய சத்திரசிகிச்சை, பட்டினி, திடீரென்று உடம்பு மெலிவது போன்ற ஓர் அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஓய்வு மூன்று மாதம் என்பதால் காய்ச்சல் நேரத்தில் எதுவும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். இந்த இடைவெளிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. கொழும்பில் டெங்கு பிடித்து, ஊருக்கு வந்து தேறி, மறுபடி வேலைக்குப் போனவனுக்கு மூன்றாம் மாதம் கொத்துக் கொத்தாக முடி விழும்போது டெங்கு நினைவுக்கு வராது. அறை மாறியதும் தண்ணி மாறியதும்தான் நினைவுக்கு வரும். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளை சிரிக்கத் தொடங்குவதும் அந்த இரண்டு மூன்று மாதக் கணக்கிலேயே வருகிறது. அவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னது மருத்துவத்தோடு அப்படியே பொருந்துகிறது.

இந்த வகை உதிர்வு வழுக்கையில் முடிவதில்லை. வேர் கெடவில்லை. பெரும்பாலும் ஆறு மாதமளவில் தானாக அடங்கி, பழைய அடர்த்தி மெல்லத் திரும்பும். இந்த நிலையில் இருக்கிறவரை முடி நட அழைக்கும் இடம் எதுவானாலும் அங்கே பணம் கட்டாதீர்கள்.

மலையகப் பெண்களைப் பொறுத்தவரை இன்னொன்றும் சேர்கிறது. இரும்புச்சத்துக் குறைவும் அதனால் வரும் இரத்தச்சோகையும் இங்கே நெடுங்காலமாக இருக்கும் சிக்கல். மாதவிடாயில் இழப்பு, அடுத்தடுத்த பிரசவம், வருவாய்க்குள் அடங்கும் சாப்பாடு, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அதற்கு மேல் தேத்தண்ணி. காலையில் கோதுமைமா ரொட்டியும் சம்பலும், கையோடு தேத்தண்ணி. மலையில் பத்து மணிக்கு ஒன்று. பகல் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. தேயிலையிலுள்ள டானின் வகைப் பொருட்கள் சாப்பாட்டிலுள்ள இரும்போடு பிணைந்து, குடல் அதை உறிஞ்ச விடாமல் தடுக்கின்றன. கீரை, பருப்பு, மா போன்ற தாவர உணவிலிருந்து கிடைக்க வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் இப்படியே வீணாகிவிடும். குடும்பநல உத்தியோகத்தர் தரும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினாலும் இதே கதிதான்.

தேத்தண்ணியை விட்டுவிடச் சொல்லவில்லை. குளிரில் வேலை செய்கிறவர்களிடம் அதைச் சொல்ல யாருக்கும் மனம் வராது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விட்டாலே பாதிப்பு வெகுவாகக் குறையும். கீரைக்கும் பருப்புக்கும் கொஞ்சம் தேசிக்காய் பிழிந்தால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்க உதவும். நெத்தலியும் ஈரலும் கிடைக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். அவற்றிலுள்ள இரும்பு எளிதாக உடம்பில் சேரும்.

ஆகவே பெண்ணொருத்தி தலை முழுதும் பரவலாக முடி கொட்டுகிறது என்று வந்தால் முதல் வேலை குருதிப் பரிசோதனை. ஹீமோகுளோபின் கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின், தைரொயிட் சுரப்பியைக் காட்டும் டீ.எஸ்.எச். ஆகிய இரண்டையும் வைத்தியர் பார்க்கச் சொல்வார். மாதவிடாய் ஒழுங்கில்லாமலும் முகத்தில் முடி வளர்ந்தும் இருந்தால் சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்ப்பார். இதை விட்டுவிட்டுப் பார்மசியில் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை வாங்கி விழுங்குவது வீண்செலவு. பயோட்டின் குறைபாடு மிக அரிது. கூடுதலாக எடுத்தால் தைரொயிட், மாரடைப்புப் பரிசோதனைகளின் முடிவையே அது பிழையாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017இல் எச்சரித்திருக்கிறது.

புழுவெட்டும் கூடைக் கயிறும்

நாணயமளவு வட்டமாக, வழுவழுவென்று ஓர் இடத்தில் மட்டும் முடி போயிருந்தால் அதைப் புழுவெட்டு என்கிறோம். அங்கே புழு எதுவும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் சொந்த முடிவேரைத் தாக்கும் நிலை அது. சின்ன வெங்காயம், உள்ளி, மிளகு என்று அரைத்துத் தேய்த்துத் தோல் வெந்து புண்ணோடு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேய்த்த சிலருக்கு முளைப்பதும் உண்மைதான். சிறிய வட்டமாக இருந்தால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும்; பெயர் வெங்காயத்துக்குப் போகிறது. தோல் வைத்தியர் வட்டத்துக்குள் நுண்ணிய ஊசியால் ஸ்டீரொயிட் மருந்து ஏற்றுவார். தலை முழுதும் பரவிய கடும் நிலைக்கு பாரிசிட்டினிப் என்ற மாத்திரையை அமெரிக்கா 2022இல் அனுமதித்தது. நோய் தணியாத புழுவெட்டில் முடி நட்டால் எதிர்ப்புச் சக்தி அதையும் தாக்கும். பிள்ளைகளின் தலையில் செதில், அரிப்பு, உடைந்த முடிக்கட்டைகள் இருந்தால் அது பூஞ்சணத் தொற்றாக இருக்கலாம். அதற்குப் பூசுமருந்து போதாது, விழுங்கும் மருந்து வேண்டும்.

அடுத்தது இந்த மலைக்கே உரியது. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் எங்கே படிகிறது என்று பாருங்கள். முன்தலைக்குச் சற்று மேலே, துணியை மடித்து வைத்து, அதன்மேல் கயிறு. கொழுந்து நிறைய நிறையக் கயிறு பின்னோக்கி இழுக்கும். கை எட்டிப் பறிக்கும் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் உராயும். மழையில் நனைந்த கொழுந்தென்றால் பாரம் இன்னும் கூடும். இப்படி வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இழுவையும் உராய்வும் இருந்தால் அங்கே முடி மெலிந்து, உடைந்து, கடைசியில் முளைக்காமலே போகலாம். இறுக்கிப் பின்னும் பின்னலாலும் இழுத்துக் கட்டும் கொண்டையாலும் காதோரமும் நெற்றியோரமும் இப்படி ஆவதுண்டு. ஆரம்பத்திலேயே இழுவையை நிறுத்தினால் முடி திரும்பும். வேர் வடுவாகிப் போனால் திரும்பாது. கயிற்றுக்கு அடியில் தடித்த, அகலமான துணி வைப்பதும், கயிறு படியும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதும், தோளில் மாட்டும் பை கிடைத்தால் அதற்கு மாறுவதும் பலன் தரும். கொழுந்து பறிக்கும் பெண்களின் தலைமுடியை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. பாரம் சுமக்கும் வேலையால் உடலில் விழும் தேய்மானம் இது. தோட்ட நிர்வாகங்கள் கூடையின் வடிவத்தை யோசிக்க இது ஒரு காரணமாக வேண்டும்.

ஆண்களின் வழுக்கை

ஏறுநெற்றியில் தொடங்கி உச்சியில் வட்டமாகி இரண்டும் சந்திக்கும் வழுக்கை, ஆண்களிடம் மிகப் பொதுவாகக் காணப்படுவது. டெஸ்டஸ்டெரோன் என்ற ஆண் இயக்குநீர் ஒரு நொதியத்தால் டீ.எச்.டீ. என்ற வேறு வடிவத்துக்கு மாறுகிறது. மரபணுப்படி அதற்கு எளிதில் பாதிக்கப்படும் வேர்கள், ஒவ்வொரு சுற்றிலும் முன்னைவிட மெல்லிய, குட்டையான முடியை முளைக்கவைத்து, கடைசியில் பூனைமயிரில் நின்றுவிடுகின்றன. பின்தலையிலும் காதோரத்திலும் உள்ள வேர்கள் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. அதனால்தான் எவ்வளவு வழுக்கையிலும் பின்னால் ஒரு பட்டை மிஞ்சுகிறது. பெண்களுக்கும் இது வரும். ஆனால் நெற்றிக்கோடு நிற்க, வகிடு அகன்றுகொண்டே போகும்.

இதைக் கண்டுபிடிக்க ஆரவாரமான பரிசோதனை தேவையில்லை. தோல் வைத்தியர் ஐம்பது அறுபது முடியை விரல்களுக்கிடையில் பற்றி மெல்ல உருவுவார். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு இப்போது மும்முரமாக நடக்கிறது. பிறகு டெர்மொஸ்கோப் என்ற சிறிய உருப்பெருக்கியை வகிட்டில் வைத்துப் பார்ப்பார். தடித்த முடியும் மெல்லிய முடியும் கலந்து நின்றால் பரம்பரை வழுக்கை. அடியில் மெலிந்து மேலே தடித்த, ஆச்சரியக்குறி போன்ற கட்டைகள் நின்றால் புழுவெட்டு. முடிக்குழிகளே மறைந்து தோல் பளபளத்தால் வடு உண்டாக்கும் நோய். அதில் அவசரமாக மருந்து தொடங்க வேண்டும். கண்டி, பதுளை, நுவரெலியா அரச வைத்தியசாலைகளின் தோல் கிளினிக்கில் இதற்குக் கட்டணமில்லை. தோட்டத்து வைத்தியரிடமோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையிலோ கடிதம் பெற்றுக்கொண்டு போகலாம். பழைய மருந்துத்துண்டு, இரத்தப் பரிசோதனை அறிக்கை, பூசிய எண்ணெய் போத்தல் உட்பட எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பேசுவது புரியாவிட்டால் தமிழில் விளக்கித் தரும்படி கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

பரம்பரை வழுக்கைக்கு உறுதியான ஆதாரமுள்ள மருந்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மினொக்ஸிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. விழுங்கியவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைக் கண்டு தலையில் பூசும் திரவமாக்கினார்கள். அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது. பார்மசியில் நடப்பது இப்படி:

"அண்ணே, முடி கொட்டுறதுக்கு ஏதும் மருந்து இருக்கா?"

"இருக்கு தம்பி. அஞ்சு வீதமா, ரெண்டு வீதமா?"

தம்பிக்குத் தெரியாது. விலை குறைந்ததை வாங்கிப் போவார். ஆண்களுக்குப் பொதுவாக 5 வீதம், ஒரு தடவைக்கு ஒரு மில்லிலீற்றர், நாளுக்கு இரண்டு தடவை, உலர்ந்த தலைத்தோலில். முடியில் பூசினால் பயனில்லை. தொடங்கிய சில வாரங்களில் முன்னைவிடக் கூடுதலாகக் கொட்டலாம். பழைய முடி விழுந்து புதியதற்கு வழிவிடுகிறது, பயப்பட வேண்டாம். இது தெரியாததால்தான் பாதிப்பேர் முதல் போத்தலோடு நிறுத்திவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. பலனைப் பார்க்க நான்கு முதல் ஆறு மாதம் வேண்டும். நிறுத்தினால் மீண்ட முடி சில மாதங்களில் போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பூசக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் பூசிய தலையையோ தலையணையையோ நக்கவிடாதீர்கள். பூனைக்கு அது கொடிய நஞ்சு.

பினாஸ்டெரைட் மாத்திரை டீ.எச்.டீ. உருவாவதையே குறைக்கிறது. அந்த நொதியம் பிறப்பிலேயே குறைந்த ஆண்களை டொமினிக்கன் குடியரசில் ஆராய்ந்து 1974இல் எழுதினார்கள். அவர்களுக்கு வழுக்கை விழவில்லை. அந்த வழியில் பிறந்த மருந்து இது. ஒரு மில்லிகிராம் மாத்திரைக்கு 1997இல் அனுமதி கிடைத்தது. பலருக்கு உதிர்வை நிறுத்தும், சிலருக்கு முடியைத் திருப்பித் தரும். பக்கவிளைவை மறைக்காமல் பேச வேண்டும். ஆரம்பகால ஆய்வில் பாலியல் தொல்லைகள் மாத்திரை எடுத்தவர்களில் 3.8 வீதமானோருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.1 வீதமானோருக்கும் ஏற்பட்டன. தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிசெய்தது. மனச்சோர்வு உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லாமல் தொடங்கவே கூடாது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. வயிற்றில் ஆண் பிள்ளை இருந்தால் பாதிக்கும்.

சொந்த இரத்தத்தை எடுத்துச் சுழற்றித் தலையில் ஏற்றும் பி.ஆர்.பி. சிலருக்கு உதவுகிறது. ஆனால் தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது, பலனும் அப்படியே. மருந்துகளுக்கு அடுத்த இடத்தில்தான் அதை வைப்பேன். கரிசலாங்கண்ணித் தைலமும் தேங்காயெண்ணெயும் முடி உடைவதைக் குறைக்கும், தலைக்கு இதமாக இருக்கும். செத்த வேரை எழுப்பாது.

கத்தி வைப்பதற்கு முன்

இனித்தான் சத்திரசிகிச்சை. பின்தலை முடியைப் பிடுங்கி வழுக்கையில் நட்டால் அது பின்தலையின் குணத்தையே வைத்துக்கொள்கிறது என்பதுதான் இதன் அடிப்படை. ஜப்பானில் ஒக்குடா என்ற வைத்தியர் 1939இல் முடிவேர் நடுவதைப் பற்றி எழுதினார். போர்க்காலத்தில் அது வெளியே தெரியாமல் போனது. நியூயோர்க்கில் நோர்மன் ஓரென்ட்ரைக் 1952இல் வழுக்கையில் நட்டு, 1959இல் அந்த அடிப்படையை விளக்கி வெளியிட்டார். அன்று பென்சில் தடிப்பில் கொத்தாக நட்டதால் பொம்மைத்தலை போல இருந்தது. இப்போது இயற்கையாகவே ஒன்று முதல் நான்கு முடிவரை சேர்ந்து முளைக்கும் சிறு கூட்டங்களைப் பிரித்து நடுகிறார்கள். இதைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள்.

எஃப்.யு.டீ. முறையில் பின்தலையிலிருந்து ஒரு தோல் பட்டையை வெட்டித் தைப்பார்கள். கோடாக ஒரு தழும்பு நிற்கும். எஃப்.யு.ஈ. முறையில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த குழாய்க் கத்தியால் ஒவ்வொரு கிராஃப்ட்டாகத் துளைத்து எடுப்பார்கள். புள்ளி புள்ளியாகத் தழும்பு. தழும்பே வராது என்று சொல்லும் விளம்பரம் உண்மையல்ல. ஆள் குப்புறப் படுத்திருக்க, எடுத்த கிராஃப்ட்டை இடுக்கியால் மேல்தோலில் மட்டும் பிடித்துக் குளிர்ந்த உப்புநீரில் இடுவார்கள். வேரை நசுக்கினாலோ காயவிட்டாலோ அது செத்தது. உருப்பெருக்கியின் கீழே ஒற்றை முடி, இரட்டை முடி என்று பிரித்து, ஒற்றையை நெற்றிக்கோட்டிலும் மற்றதைப் பின்னாலும் நடுவார்கள். நெற்றியில் முடி முன்னோக்கிச் சாய்ந்து நிற்க வேண்டும். சாய்வு தவறினால் எத்தனை வருடமானாலும் நட்டது என்று தெரியும். ஆயிரக்கணக்கான துளை என்பதால் ஒரு நாள் முழுக்க எடுக்கும். மரத்துப்போகும் ஊசி போடும்போதுதான் வலி. பிறகு இருந்த இடத்திலேயே இருக்கும் அலுப்புத்தான்.

எத்தனை கிராஃப்ட் என்ற கேள்வியில்தான் மனக்கணக்குப் போடத் தெரிய வேண்டும். நெற்றிப் பகுதி 50 சதுர சென்ரிமீற்றர், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 40 கிராஃப்ட் என்றால் 2,000. தலையின் மேற்பரப்பு முழுதும் வழுக்கையானால் 200 சதுர சென்ரிமீற்றருக்கு மேல் வரும். அதற்கு 8,000 வேண்டும். ஆனால் பின்தலை ஆயுள் முழுவதற்கும் தரக்கூடியது பெரும்பாலானோருக்கு ஏறத்தாழ 6,000தான். அதற்கு மேல் எடுத்தால் பின்தலையும் சல்லடையாகும். எடுத்த இடத்தில் மறுபடி முளைப்பதும் இல்லை. இருபத்திரண்டு வயதில் நெற்றிக்கோட்டைக் கீழே இறக்கி இருப்பில் பாதியைச் செலவழித்தவனுக்கு நாற்பது வயதில் உச்சி திறக்கும்போது எடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது. இளவயதில் வருகிறவர்களிடம் நேர்மையான வைத்தியர் "கொஞ்சம் பொறுங்கள், மருந்து போட்டுப் பார்ப்போம்" என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

நட்ட பிறகும் மருந்தைத் தொடரச் சொல்வதன் காரணத்தைத் தேயிலை மலை தெரிந்தவருக்கு எளிதாகச் சொல்லலாம். செடி செத்த வெற்றிடத்தில் புதுக்கன்று வைத்தால் அந்த இடம் நிரம்பும். பக்கத்துச் செடிகளைப் பிடித்த நோய் அதனால் நிற்காது. நட்ட முடி நிற்க, அதைச் சுற்றியிருந்த பழைய முடி விழுந்து, நடுவில் திட்டாகத் தெரிகிறவர்களைப் பார்க்கலாம்.

யார் செய்கிறார்கள் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய விடயம். 2016இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார். மருத்துவம் படித்தவருக்கே இது நேர்ந்தது. மரத்துப்போகும் மருந்தான லிக்னோகைனை அட்ரினலினோடு சேர்த்துக் கொடுக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 350 மில்லிகிராம். 2 வீத மருந்தில் அது 17 மில்லிலீற்றர் சொச்சம். அதைத் தாண்டினால் வலிப்பு வரலாம், இதயம் நிற்கலாம். தலை முழுதும் ஊசி போடும்போது இந்தக் கணக்கை வைத்திருக்கவும், ஏதும் நடந்தால் உயிர்காக்கவும் வைத்தியர் அதே அறையில் இருக்க வேண்டும். கையொப்பமிட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டால் போதாது.

இலங்கையில் இதைச் சரிபார்க்க வழி உண்டு. வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். தனியார் நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவுசெய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். துளையிடுவது யார், நடுவது யார், வைத்தியர் எவ்வளவு நேரம் உடனிருப்பார், கிராஃப்ட்டை எண்ணிக் காட்டுவீர்களா என்று நேராகக் கேளுங்கள். சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் வாசித்து விளக்கும்வரை கையொப்பமிடாதீர்கள். முதல் சந்திப்பிலேயே முற்பணம் கேட்டு, "இன்று கட்டினால் கழிவு" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். கடன்பட்டோ நகையை அடகு வைத்தோ செய்ய வேண்டிய சிகிச்சை இது இல்லவே இல்லை.

சிகரெட் மட்டுமல்ல, வெற்றிலையோடு போடும் புகையிலையும் இரத்தக்குழாய்களைச் சுருக்கி நட்ட வேரைப் பட்டினி போடும். சில வாரங்களுக்கு முன்பிருந்தே நிறுத்த வேண்டும். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் தாமாக அதை நிறுத்தாமல், மருந்து எழுதிய வைத்தியரிடமே கேட்க வேண்டும்.

கொழும்பில் செய்துகொண்டு அன்றே பஸ் ஏறி வருவது நல்லதல்ல. கினிகத்தேனை வளைவுகளில் தூங்கிவழிந்து தலை கண்ணாடியில் ஒரு முறை இடித்தாலே நட்டது கழன்று வரும். முதல் நாட்களில் கிராஃப்ட் பிடிமானம் இல்லாமல் இருக்கும். ஏறத்தாழ பத்து நாளில்தான் உறுதியாகும். ஓரிரு நாள் தங்கி, முதல் தலைகழுவலை நிலையத்திலேயே முடித்துக்கொண்டு வருவது பாதுகாப்பு. வீட்டில் ஒரு வாரம் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். இறுக்கமான கம்பளித் தொப்பியைத் தலைவழியே இழுத்து மாட்டக் கூடாது. தொளதொளப்பான தொப்பி, அதுவும் வைத்தியர் சொன்ன நாளிலிருந்து. பாரம் தூக்குவதும் வியர்க்க வேலை செய்வதும் இரண்டு வாரமாவது வேண்டாம். குளிராக இருக்கிறதே என்று மலை வெயிலை மறக்காதீர்கள். உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது புறஊதாக் கதிர் 10 வீதமளவில் கூடுகிறது, புதுத்தோலில் அது கறுப்பாகப் படியும். காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, கறுத்துப்போகும் தோல் இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இரண்டு முதல் ஆறு வாரத்தில் நட்ட முடி பெரும்பாலும் விழுந்துவிடும். பணம் போய்விட்டது என்று அப்போது மனம் உடைகிறவர்கள் பலர். விழுவது தண்டு மட்டும். வேர் உள்ளே இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் மெல்லிய முடியாகத் தொடங்கி, மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் நீண்டு தடிக்கும். ஆறாம் மாதம் பாதிதான் தெரியும். பன்னிரண்டாம் மாதம் நெற்றிப் பகுதியின் பலனையும், பதினெட்டாம் மாதம் உச்சியின் பலனையும், முதல் நாள் எடுத்த அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் படமெடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாம் தடவை நடுவது பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான், பின்தலையில் இன்னும் எவ்வளவு இருப்பு என்று எண்ணிப் பார்த்த பிறகுதான்.